ருஜுவின் சுமை யார் தலையில்?

இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றி ஜூரி முறை நடைபெறும் தேசங்களில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுடைய விதி ஒரே சொல்லில் முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டு பேர் தனியறைக்குள் செல்கிறார்கள், கதவு சாத்தப்படுகிறது, திரும்பி வந்து 'குற்றவாளி' என்றோ 'குற்றவாளியல்ல' என்றோ சொல்லுகிறார்கள். எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதனைத் தள்ளினார்கள், எவ்விடத்தில் தயங்கினார்கள் என்று அவர்களைக் கேட்பாரில்லை. காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்ற விதியும் அவர்களுக்கில்லை.

இங்ஙனமாயின், அத்தீர்ப்பு தவறானது என்று கருதுகிறவன் மேல்கோர்ட்டில் எதைக் காட்டி முறையிடுவான்? ஜூரர்களின் மனத்தைத் திறந்து காட்ட அவனால் ஆகாது. அவன் கைக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் ஒன்றே. ஜூரர்கள் அவ்வறைக்குள் செல்லுமுன், ஜட்ஜ் அவர்களை நோக்கிச் சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்லி, சட்டம் இன்னதென்றும் எடுத்துரைக்கிறார். அந்தத் தொகுப்புரை பகிரங்கமாக, எல்லோர் காதிலும் விழும்படி நடைபெறுகிறது, பதிவிலும் ஏறுகிறது. ஜூரர்கள் சட்டம் படித்தவர்களல்லர். ஜட்ஜ் சொன்ன சட்டமே அவர்களுக்குச் சட்டம். அவர் சொன்னது பிழையானால், அப்பிழையின் மீது கட்டப்பட்ட தீர்ப்பும் பிழையாகவே இருக்கக்கூடும்.

ஆயினும், ஜட்ஜின் வார்த்தையில் குறை கண்டு கொலை வழக்கில் அப்பீல் செய்வது வக்கீல்களின் சாமர்த்தியம் என்றும், குற்றவாளிகள் தப்புவதற்கான சந்து என்றும் எண்ணுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை 1935-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வழக்கின் நாயகன் பிரபுவல்லன், அரசியல்வாதியுமல்லன். ரெஜினால்ட் உல்மிங்டன் என்ற பண்ணையாள். வயது இருபத்தொன்று. அவன் செய்துகொண்ட அப்பீல், அவன் ஒருவன் உயிரை மட்டும் காக்கவில்லை. ஏறக்குறைய 170 வருஷங்களாகச் சட்டப் புத்தகங்களில் குடியிருந்த ஒரு தவற்றையும் வெளியேற்றிற்று.

நடந்தது என்ன?

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட், ஸாமர்செட் என்னும் இரு ஜில்லாக்கள் சந்திக்கும் கிராமப் பிரதேசம் அது. 1934 ஆகஸ்ட் 25-ம் தேதி உல்மிங்டன் வயலெட் என்ற பதினேழு வயதுப் பெண்ணை மணந்துகொண்டான். அக்டோபர் 14-ம் தேதி குழந்தை பிறந்தது. பின்னர்க் குடும்பத்தில் சச்சரவு எழுந்தது. நவம்பர் 22-ம் தேதி அப்பெண் கணவனைவிட்டு, மில்போர்ன் போர்ட் என்ற ஊரிலிருந்த தன் தாயின் வீட்டுக்குச் சென்றுவிட்டாள். திரும்பி வருமாறு அவன் வேண்டினான்; அவள் இசையவில்லை.

டிசம்பர் 10-ம் தேதி காலையில் உல்மிங்டன் தன் எஜமானனுடைய துப்பாக்கியை எடுத்தான். அதன் குழலை இரம்பத்தால் அறுத்துக் குறுக்கினான். இரண்டு தோட்டாக்களை இட்டான். இரம்பத்தை ஓடையில் எறிந்தான். துப்பாக்கியை மின்சாரக் கம்பியால் கட்டித் தோளிலிருந்து மேலங்கியினுள் தொங்கவிட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறி மாமியார் வீட்டுக்குச் சென்றான். அண்டை வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உறவினள் ஒருத்தியின் காதில், வீட்டுக்குத் திரும்பி வருகிறாயா என்று அவன் கேட்ட குரல் விழுந்தது. பிறகு கதவு அறைந்து சாத்தப்பட்ட ஓசை, பிறகு வெடிச்சத்தம். அவள் முன்புறமாக எட்டிப் பார்த்தபோது அவன் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டதற்கு மறுமொழி கூறாமல் போய்விட்டான். வயலெட் மார்பில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தாள். எட்டு வாரக் குழந்தை தாயை இழந்தது.

போலீஸார் கைது செய்தபோது, தான் அதைச் செய்ததாகவும், பொறாமையே காரணமாயிருக்கலாமென்றும் அவன் சொன்னான். அவனுடைய அங்கிப் பையில் ஒரு கடிதம் அகப்பட்டது. எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, இரண்டு தோட்டாக்களே உள்ளன, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு என்று கூறும் கடிதம் அது. கொலைக்கு முன்னரே எழுதியது என்றது பிராசிகியூஷன் தரப்பு. சம்பவத்துக்குப் பிறகு எழுதினேன் என்றான் அவன்.

அவனுடைய வாதம் இது: மனைவியைக் கொல்லும் எண்ணம் தனக்கு எப்போதும் இருந்ததில்லை. நீ வராவிட்டால் நான் சுட்டுக்கொண்டு சாவேன் என்று அவளைப் பயமுறுத்தி அழைத்து வரவே துப்பாக்கியைக் கொண்டுபோனான். அவள் மறுத்தபோது அதை எடுத்துக் காட்ட முயன்றான். அச்சமயத்தில் அது தானாக வெடித்துவிட்டது. விபத்தேயன்றிக் கொலையன்று.

இக்கதையை வாசகர்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அறுக்கப்பட்ட குழலும் பையிலிருந்த கடிதமும் அவனுக்கு விரோதமாகப் பேசுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் துப்பாக்கி வெடித்த கணத்தை உயிரோடிருந்து கூறக்கூடியவன் அவன் ஒருவனே. அவன் கூற்று உண்மையாயிருக்கக்கூடுமா என்பதே வழக்கின் உயிர்நிலை. அதை நிர்ணயிக்க வேண்டியவர்கள் ஜூரர்கள், ஜட்ஜ் அல்லர்.

ஜட்ஜ் சொன்ன சட்டம்

முதல் விசாரணை 1935 ஜனவரியில் டாண்டன் நகரில் நடந்தது. ஜூரர்கள் ஒருமுகமான முடிவுக்கு வரவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி பன்னிருவரும் ஒத்துச் சொன்னாலன்றித் தீர்ப்பில்லை. ஆகவே பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில், ஜட்ஜ் ஸ்விஃப்ட் முன்னிலையில் மறுபடியும் விசாரணை நடந்தது.

ஸ்விஃப்ட் ஜூரர்களுக்கு உரைத்த சட்டத்தின் சாரம் வருமாறு. அப்பெண் கைதியின் கையால் இறந்தாள் என்பதைப் பிராசிகியூஷன் தரப்பார் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி ருஜுப்படுத்த வேண்டும். அது ருஜுவானவுடன், அவ்வதை கொலையென்றே கொள்ளப்படும். பிறகு, அது கொலைக்குக் குறைந்த குற்றமென்றோ, வெறும் விபத்தென்றோ காட்ட வேண்டியது கைதியின் பொறுப்பு.

இவ்வாக்கியங்களின் விளைவை ஆராய்ந்து பார்க்க வேண்டும். அப்பெண் உல்மிங்டன் கையிலிருந்த துப்பாக்கியால் இறந்தாள் என்பதில் விவாதமே இல்லை; அவனே ஒப்புக்கொண்டான். ஆகவே, ஜட்ஜ் உரைத்தபடி, விசாரணையின் முதற்படியிலேயே ருஜுவின் சுமை பிராசிகியூஷன் தோளிலிருந்து இறங்கிக் கைதியின் தலையில் ஏறிவிட்டது. அது விபத்தாக இருந்திருக்கலாமோ என்று ஜூரர்கள் உண்மையாகவே சந்தேகித்திருந்தாலும், அச்சந்தேகம் அவனுக்கு உதவாது. விபத்து என்று அவன் நிரூபித்துவிட்டான் என்று அவர்கள் திருப்தி அடைந்தாலன்றி அவனுக்கு மீட்சியில்லை. கொலை செய்யும் எண்ணமே கொலைக் குற்றத்தின் ஜீவன். அந்த எண்ணம் இருந்ததென்று சர்க்கார் காட்ட வேண்டியதில்லை, இல்லையென்று கைதி காட்ட வேண்டும் என்றால், நிரபராதி என்று எவனையும் முதலில் கொள்ளவேண்டுமென்ற விதி எங்கே போயிற்று?

ஜூரர்கள் ஒரு மணி ஒன்பது நிமிஷம் ஆலோசித்துக் குற்றவாளி என்றார்கள். கொலைக்கு அக்காலத்தில் ஒரே தண்டனை. ஜட்ஜ் தூக்குத் தண்டனை விதித்தார்.

முதல் அப்பீல் தோற்றது ஏன்?

இங்கிலாந்தில் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவனுக்கு அப்பீல் என்பதே நெடுங்காலம் இல்லாதிருந்தது. அடால்ஃப் பெக் என்பவர் ஆள் அடையாளத் தவற்றால் 1896-லும் 1904-லும் இரண்டு முறை குற்றவாளியென்று தீர்க்கப்பட்டு, பின்னர் நிரபராதியென்று வெளிப்பட்டபோது பொதுஜனங்களிடை பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. அதன் பின்னரே 1907-ல் கிரிமினல் அப்பீல் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் அச்சட்டத்தின் நாலாவது பிரிவில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். விசாரணையில் சட்டப் பிழை நேர்ந்திருந்தாலும், உண்மையில் பெரிய அநீதி எதுவும் விளையவில்லை என்று கோர்ட்டார் கருதினால் அப்பீலைத் தள்ளிவிடலாம் என்பதே அது.

உல்மிங்டனுடைய அப்பீல் 1935 மார்ச்சில் கிரிமினல் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்புக் கூறியவர் ஜட்ஜ் ஏவரி. கைதியின் விளக்கத்தைப் பற்றி ஜூரர்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் அவனை விடுதலை செய்யவோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கவோ வேண்டுமென்று ஜட்ஜ் ஸ்விஃப்ட் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டும், அநீதி விளையவில்லை என்று கூறி, அந்த நிபந்தனையின்படி அப்பீலைத் தள்ளினார்.

இவ்விடத்தில் சற்று நின்று ஆலோசிப்பது நலம். ஜூரர்கள் சரியான சட்டத்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை யார் அறிவார்? முதல் விசாரணையில் வேறு பன்னிருவர் இதே சாட்சியங்களைக் கேட்டு ஒத்துப்போக முடியாமற் கலைந்தனர் என்பது கோர்ட்டாருக்குத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, எப்படியும் குற்றவாளி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று மேல்கோர்ட்டார் சொல்வது, ஜூரர்களின் ஆசனத்தில் தாங்களே ஏறி அமர்வதற்கு ஒப்பாகும். சாட்சிகளை நேரில் பாராத, கைதியின் முகத்தைக் கூண்டில் காணாத மூன்று ஜட்ஜுகள், பன்னிருவர் சொல்லாத தீர்ப்பை அவர்கள் வாயில் வைத்துவிடுகிறார்கள். சந்துகளைப் பற்றிக் கவலைப்படுவோர், கைதி தப்பும் சந்தை மட்டும் பார்த்தாற் போதாது. பிழையான விசாரணை தப்பித்துக்கொள்ளும் சந்து இது. இதுவே அதிக அபாயமானது.

பிரபுக்கள் சபையின் தீர்ப்பு

அக்காலத்தில் பிரபுக்கள் சபைக்கு அப்பீல் கொண்டுபோகக் கைதிக்கு உரிமையில்லை. வழக்கில் மிக முக்கியமான சட்டப் பிரச்னை அடங்கியிருக்கிறதென்றும், அதைத் தீர்ப்பது பொதுநன்மைக்கு அவசியமென்றும் அட்டர்னி ஜெனரல் அத்தாட்சி அளித்தாலன்றி அவ்வாயில் திறவாது. அப்பதவியிலிருந்த ஸர் தாமஸ் இன்ஸ்கிப் அத்தாட்சி அளித்தார். சர்க்காரின் தலைமை வக்கீலே, சர்க்கார் வென்ற வழக்கை மறுபடியும் நிறுத்துப் பார்க்க அனுமதித்தார் என்பது அவருக்குப் பெருமை தருவதாகும்.

ஐவர் வழக்கைக் கேட்டனர்: லார்ட் சான்ஸலராகிய வைகவுண்ட் ஸாங்கி, தலைமை நீதிபதி லார்ட் ஹ்யூவர்ட், லார்ட் அட்கின், லார்ட் டாம்லின், லார்ட் ரைட். 1935 ஏப்ரல் 5-ம் தேதி தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. தூக்குத் தண்டனை பெற்று ஐம்பது நாட்கள் கழிந்த பிறகு, அப்பண்ணையாள் விடுதலை பெற்றான். மறுவிசாரணைக்கு அனுப்பும் அதிகாரம் இத்தகைய வழக்கில் அக்காலத்து ஆங்கில அப்பீல் முறையில் இல்லை.

காரணங்களை விவரித்து லார்ட் ஸாங்கி பின்னர் வெளியிட்ட தீர்ப்பு, ஆங்கிலம் வழங்கும் நீதிமன்றங்களிலெல்லாம் இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆங்கிலக் குற்றவியல் சட்டமென்னும் ஆடை முழுவதிலும் ஒரு பொன்னிழை ஊடுருவிச் செல்கிறது என்றார் அவர். கைதியின் குற்றத்தை நிரூபிப்பது பிராசிகியூஷன் தரப்பின் கடமை என்பதே அவ்விழை. பைத்தியம் என்ற வாதமும், சட்டசபை தனியே விதித்த சில விலக்குகளும் தவிர, வேறெங்கும் அது அறுபடுவதில்லை. சாட்சியங்கள் முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, அவை எத்தரப்பிலிருந்து வந்தவையாயினும், கொல்லும் எண்ணம் கைதிக்கு இருந்ததா என்பதில் நியாயமான சந்தேகம் எஞ்சினால், அவன் விடுதலைக்கு உரியவன். எந்தக் குற்றமானாலும், எந்தக் கோர்ட்டானாலும் விதி இதுவே.

இன்னும் ஒன்று சொன்னார். விசாரணையின் இடையில், இத்துடன் கொலை ருஜுவாயிற்று, இனிச் சுமை கைதியுடையது என்று ஜட்ஜ் அறிவிக்கலாமென்றால், வழக்கைத் தீர்ப்பவர் ஜட்ஜேயன்றி ஜூரியல்ல என்றாகிவிடும். நாலாவது பிரிவின் நிபந்தனையையும் ஐவரும் ஏற்கவில்லை. சரியான சட்டத்தைக் கேட்டிருந்தாலும் ஜூரர்கள் தவறாமல் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று எங்களால் சொல்ல இயலாது என்பதே அவர்களுடைய விடை.

ஏட்டிலிருந்து ஏட்டுக்கு

ஜட்ஜ் ஸ்விஃப்ட் தம் மனம்போன போக்கில் புதுச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று யாரும் கருத வேண்டாம். அவர் சொன்னது புத்தகங்களில் இருந்தது. 1762-ல் ஸர் மைக்கேல் ஃபாஸ்டர் என்ற நீதிபதி, குற்றவியல் சட்டம் பற்றித் தாம் எழுதிய நூலில், ஒருவன் மற்றொருவனைக் கொன்றான் என்பது ருஜுவானால், மாறாகக் காட்டப்படும் வரையில் அது தீய எண்ணத்தோடு செய்யப்பட்டதென்றே சட்டம் கொள்ளும் என்று எழுதியிருந்தார். பின்னர் வந்த ஆசிரியர்கள் அதை அப்படியே எடுத்தெழுதினர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மேற்கோள் காட்ட, அவரைப் பிறிதொருவர் மேற்கோள் காட்ட, ஒரு மனிதருடைய வாக்கியம் சட்டமாகவே நிலைத்துவிட்டது.

ஃபாஸ்டர் எழுதிய காலம் எத்தகையது? கொலை வழக்கில் கைதி சத்தியம் செய்து தன் சார்பில் சாட்சி கூறவே இயலாத காலம். 1898-ல் பிறந்த சட்டம்தான் அந்த உரிமையை இங்கிலாந்தில் பொதுவாக அளித்தது. வாய் கட்டப்பட்டவன் தலையில் ருஜுவின் சுமையையும் ஏற்றிவைத்த விதி, வாய்க்கட்டு அவிழ்ந்து முப்பத்தாறு வருஷங்கள் சென்ற பிறகும் புத்தகங்களில் இருந்துவந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தூக்குமேடை ஏறியவர்களில், நியாயமான சந்தேகத்தின் பலனைப் பெற்றிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அதற்குக் கணக்கில்லை, இனி ஒருவராலும் கணக்கெடுக்கவும் முடியாது. ஜூரர்கள் காரணம் கூறாத முறையில் இத்தகைய தவறுகள் ஓசையின்றி நிகழ்ந்து ஓசையின்றி மறைகின்றன. தொகுப்புரையைப் பரிசோதிக்கும் அப்பீல் ஒன்றே அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் விளக்கு.

ஆட்சேபத்துக்கு விடை

'உல்மிங்டன் உண்மையில் மனைவியைக் கொன்றிருந்தால்? இறந்த பெண்ணுக்கு நியாயம் எங்கே?' என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பதினேழு வயதில் மாண்ட தாயின் துயரத்தைச் சட்ட வாதம் எதுவும் குறைத்துவிடாது. ஆனால் அவளுக்கு உரிய நியாயத்தைக் கெடுத்தது அப்பீல் செய்தவனல்லன், பிழையான அறிவுரையே. பிரிஸ்டல் நகரத்து ஜூரர்களுக்குச் சரியான சட்டம் சொல்லப்பட்டு, அவர்கள் அதைக் கேட்டும் குற்றவாளி என்று தீர்த்திருந்தால், அத்தீர்ப்பை இந்தக் காரணத்தால் யாரும் அசைத்திருக்க முடியாது. தொகுப்புரை சுத்தமாக இருப்பது கைதிக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் கொலையுண்டவருக்கும் தேசத்துக்கும்.

அறிவுரையின் பிழை ஒரு பக்கம் மட்டுமே சாயுமென்பதும் இல்லை. நம் நாட்டின் பிரசித்தமான நானாவதி வழக்கு இதற்குச் சான்று. 1959 ஏப்ரல் 27-ம் தேதி கடற்படை அதிகாரி நானாவதி பம்பாயில் பிரேம் அஹுஜாவைச் சுட்டார். துப்பாக்கிக்காக நடந்த கைகலப்பில் தற்செயலாக வெடித்தது என்பது எதிர்வாதம். ஜூரர்களில் எட்டுப்பேர் குற்றவாளியல்ல என்றனர், ஒருவர் மாறுபட்டார். ஸெஷன்ஸ் ஜட்ஜ் அம்முடிவை ஏற்க முடியாதென்று ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஜூரர்களுக்குச் செய்த தொகுப்புரையிலேயே பிழைகள் இருந்தன என்று ஹைகோர்ட்டார் கண்டனர். விபத்து என்ற விலக்கைக் காட்டும் பொறுப்பு இந்தியச் சட்டப்படி எதிரியுடையது என்பதை ஜூரர்களுக்கு எடுத்துச் சொல்லாமை அவற்றில் ஒன்று. நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961 நவம்பர் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. அங்கே பிழை கைதிக்கு விரோதமாக இருந்தது. இங்கே அனுகூலமாக இருந்தது. இரண்டிடத்திலும் திருத்தப்பட்டது ஜட்ஜின் வார்த்தையே.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் சட்டம் இவ்விஷயத்தில் வேறு பாதையில் சென்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 105-வது பிரிவு, தற்காப்பு, விபத்து முதலிய விலக்குகளைக் கோருகிறவன் அவற்றுக்குரிய சந்தர்ப்பங்களைத் தானே நிரூபிக்க வேண்டுமென்று கூறிற்று. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அமுலுக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி 108-வது பிரிவாக நிலைத்திருக்கிறது. அப்படியானால் உல்மிங்டன் தீர்ப்புக்கு இங்கே வேலையில்லையா என்ற விவாதம் எழுந்தது. 1941-ல் அலகாபாத் ஹைகோர்ட்டின் முழு பெஞ்சு பர்பு என்பவரின் வழக்கில் இதை ஆராய்ந்தது. விலக்கை முழுமையாக நிரூபிக்க முடியாவிட்டாலும், அதற்காகக் கொடுத்த சாட்சியம் குற்றத்தைப் பற்றியே நியாயமான சந்தேகத்தை எழுப்புமானால் எதிரி விடுதலைக்கு உரியவன் என்று பெரும்பான்மையோர் கூறினர். 1964-ல் தாஹ்யாபாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டுக்காக நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பும், கொல்லும் எண்ணத்தை நிரூபிக்கும் பொதுச்சுமை ஆரம்பமுதல் முடிவுவரை பிராசிகியூஷனைவிட்டு நீங்குவதில்லை என்று தெளிவுபடுத்தியது. வழி வேறாயினும் பொன்னிழை இங்கும் அறுபடவில்லை.

ஜூரி முறை இங்கு இருந்த காலத்தில் தொகுப்புரையின் மீது செய்யும் அப்பீலுக்கு இன்னும் அதிக முக்கியத்துவம் இருந்தது. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 418-வது பிரிவுப்படி, ஜூரி விசாரணையில் தண்டிக்கப்பட்டவன் பொதுவாகச் சட்டப் பிழையைக் காட்டி மட்டுமே அப்பீல் செய்யலாம். சாட்சியங்களை மறுபடியும் ஆராயும்படி கேட்க முடியாது. ஜட்ஜின் தவறான அறிவுரையாலோ, சட்டத்தை ஜூரர்கள் தவறாகப் புரிந்துகொண்டதாலோ தீர்ப்பு பிழைபட்டது என்று கண்டாலன்றி ஹைகோர்ட்டார் அதை மாற்றலாகாது என்றது 423-வது பிரிவு. தூக்குத் தண்டனையானால் ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டியிருந்ததால் சாட்சியங்களும் அங்கே பரிசீலனைக்கு வந்தன. தீவாந்தர சிக்ஷை பெற்றவனுக்கோ, ஜட்ஜின் தொகுப்புரையில் பிழை காட்டுவதே ஒரே வாயில். அதனாலேயே, அத்தொகுப்புரையின் தலைப்புகளையாவது ஸெஷன்ஸ் ஜட்ஜ் எழுதிவைக்க வேண்டுமென்று 367-வது பிரிவு கட்டளையிட்டது. எழுதிவையாத வார்த்தையின் மீது அப்பீல் எப்படிச் செய்வது?

இன்று

1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமற் போயிற்று. இங்கிலாந்தில் ஜூரி நிலைத்திருக்கிறது. கொலைக்குத் தூக்குத் தண்டனை 1965-ல் நிறுத்தப்பட்டு 1969-ல் நிரந்தரமாக நீங்கியது. 1995-ம் வருஷத்துச் சட்டம், ஏவரி கையாண்ட அந்தப் பழைய நிபந்தனையையும் அகற்றி, தீர்ப்பு நம்பத்தக்க உறுதியுடையதா என்ற ஒரே கேள்வியை அப்பீல் கோர்ட்டார் முன் வைத்தது. ஜூரர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைகாண வேண்டிய கேள்விகளை எழுதியே அவர்கள் கையில் கொடுக்கும் வழக்கமும் அங்கே பரவியிருக்கிறது. காதில் விழுந்து மறையும் வார்த்தையைவிடக் கண்ணெதிரே நிற்கும் எழுத்து மேலானது. பிழையிருந்தாலும் கண்டுபிடிப்பது எளிது.

ஜூரியில்லாத நம் நாட்டுக்கு இவ்வழக்கால் பயன் என்ன? பயன் உண்டு. இங்கே ஜட்ஜே ஜூரி. அவர் பன்னிருவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய அறிவுரையைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டியவராயிருக்கிறார். எதிரியின் வாதம் பொய்யென்று தோன்றிய மாத்திரத்தில் குற்றம் ருஜுவாகிவிட்டது என்று அவர் எண்ணுவாரானால், அதுவும் ஃபாஸ்டருடைய பழைய வாக்கியம் வேறு வேஷத்தில் வந்ததேயாகும். ஆனால் நம் ஜட்ஜ் காரணங்களை எழுதித் தீர்ப்பளிக்கக் கடமைப்பட்டவர். ஆதலால் பிழையை ஏட்டிலிருந்தே எடுத்துக் காட்டலாம். அந்த வசதியைப் பயன்படுத்துவது வக்கீல்களின் பொறுப்பு. அதற்குச் செவிசாய்ப்பது மேல்கோர்ட்டுகளின் பொறுப்பு. அதைச் சந்து என்று இகழாதிருப்பது பொதுஜனங்களின் பொறுப்பு.

ஒரு கொலைச் செய்தியைப் படித்தவுடன், 'இவன் குற்றவாளி இல்லையென்றால் அதை நிரூபிக்கட்டுமே' என்று சொல்வது மனித இயல்பு. சட்டம் அவ்வியல்புக்கு இடங்கொடுக்க மறுக்கிறது. போலீஸும், பணமும், சிறைச்சாலையும் ராஜாங்கத்தின் கையில் உள்ளன. கூண்டில் நிற்பவன் கையில் ஒன்றுமில்லை. ஆகவே சுமையைப் பலமுள்ளவன் தோளில் வைத்திருக்கிறது. அதை மெள்ள எடுத்துப் பலமற்றவன் தலையில் மாற்றிவிட ஒரு வாக்கியம் போதும் என்பதை உல்மிங்டன் வழக்கு காட்டிற்று. அவ்வாக்கியத்தைத் திரும்பப் பெறச் செய்ய ஏழைப் பண்ணையாள் ஒருவனுடைய அப்பீலும் போதும் என்பதையும் அதுவே காட்டிற்று. முன்னது நேராமலும், பின்னதன் வாயில் அடைபடாமலும் காத்துக்கொள்வது சுதந்திர தேசத்துப் பிரஜைகளின் கடமை.